நாக் சென்சார் கோடு வந்தால்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது

ஸ்கேனரில் "நாக் சென்சார்" என்று பழுது எண் (கோடு) வந்துவிட்டால் வண்டிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, சென்சார் என்ன விலை வரும்?" மன்னார்குடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. "விலையை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் அது கெட்டிருக்கிறதா என்று பார்ப்போம்" என்பேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? நாக் சென்சார் என்பது, சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும் அடியை, அதாவது நாக்கிங்கை, கேட்க இஞ்சினுக்கு வைத்த காது. இஞ்சின் உண்மையிலேயே அடித்துக்கொண்டிருந்தால் காதை மாற்றி என்ன பயன்? காதிலிருந்து போகும் வயர் அறுந்திருந்தால் புதுக் காது வைத்தும் என்ன பயன்? என்னிடம் இந்தக் கோடோடு வந்த வண்டிகளில் சென்சாரே செத்துப்போனவை குறைவு. வயர், கப்ளர் (வயரை இணைக்கும் சொருகி), போல்ட், இல்லையென்றால் நிஜமான நாக்கிங், இவைதான் அதிகம்.

இது பெட்ரோல் கார்களுக்காக எழுதுவது. சில காமன் ரெயில் டீசல் வண்டிகளிலும் இதே மாதிரி சென்சார் உண்டு, ஆனால் அங்கே அதன் வேலை வேறு. டீசலின் இயல்பான கடகடப்பைக் கேட்டு நாக்கிங் என்று பயப்பட வேண்டாம்.

முதலில் அந்தக் காது எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து சீராகப் பரவிப் போக வேண்டும். சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் அளவு மீறினால், தீ வந்து சேருவதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை தானே பற்றி வெடிக்கும். அந்த அடிதான் நாக்கிங். நம் சின்னக் கார்களின் சிலிண்டர் அகலத்துக்கு அந்த அதிர்வு ஏறக்குறைய 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் வரும். இஞ்சின் பிளாக்கில், நாலு சிலிண்டர் என்றால் பெரும்பாலும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், சென்சாரைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பீசோ வில்லை அதிர்ந்தால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். இஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியான ஈசிஎம் அதைக் கேட்டு டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, சில டிகிரி பின்னுக்குத் தள்ளும். சத்தம் அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவரும். ஓடும்போது இது நமக்குத் தெரியாமலே ஓயாமல் நடக்கும். சென்சாரிடமிருந்து நம்பத்தக்க செய்தி வரவில்லை என்றால் ஈசிஎம் விஷப்பரீட்சை வைக்காது. டைமிங்கைப் பின்னுக்கே வைத்து ஓட்டும். இழுவை போவதும் மைலேஜ் குறைவதும் அதனால்தான்.

நம் டெல்டாவுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை தேடினாலும் மேடு கிடையாது. நாக்கிங் வருவது இஞ்சின் பாரம் இழுக்கும்போது. சமதரையில் ஐம்பதில் போகும் வண்டிக்குப் பாரமே இல்லை, அதனால் பழுது பல மாதம் ஒளிந்துகொண்டிருக்கும். குடும்பத்தோடு கொல்லிமலைக்குக் கிளம்பி, எழுபது கொண்டை ஊசி வளைவில் பத்தாவது தாண்டும்போதுதான் தெரியவரும். அதனால் சோதனை ஓட்டத்துக்கு நானே பாரத்தை உண்டாக்குவேன்: நாலு பேரை ஏற்றி, ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதிப்பது. பாலம் எதுவானாலும் சரி, பின்னால் வண்டி வராத நேரமாகப் பாருங்கள்.

செக் இஞ்சின் லைட் எரிகிறது, இழுவை இல்லை, சத்தமும் இல்லை

அடிக்கடி வருவது இதுதான். ஸ்கேனரில் பி 0325, பி 0327, பி 0328 ஆகியவற்றில் ஒன்று நிற்கும். 0325 என்றால் சர்க்யூட் பழுது என்று பொதுவாகச் சொல்வது. 0327 என்றால் சிக்னல் அளவுக்குக் கீழே. 0328 என்றால் அளவுக்கு மேலே. சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக (பேங்க்) இருக்கும் வி இஞ்சின்களில் இரண்டாவது சென்சாருக்கு 0330 முதல் வரும். எந்தக் கோடு என்பதைவிட முக்கியம், அதோடு சேர்ந்து பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு விழுந்த நேரத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று குறித்துவைத்துக்கொண்டு அப்புறம் அழியுங்கள். குறிக்காமல் அழித்தால் இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

இந்த அறிகுறிக்கு நான் முதலில் எடுப்பது டார்ச் லைட். நம் பக்கம் அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் ஒதுங்கும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர் வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் கார் அதற்கு அரண்மனை. இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இதமான இருட்டு, சென்சார் இருப்பதும் பல வண்டிகளில் அங்கேதான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. வேறொரு பட்டறையில் இரண்டு முறை சென்சார் மாற்றியும் கோடு போகவில்லை என்றார் வண்டிக்காரர். மேனிஃபோல்டைக் கழற்றினால் அடியில் வைக்கோலும் சாக்குப் பிசிறுமாகக் கூடு. கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி வயரின் மேலுறையும் அதற்குள் இருக்கும் கவசக் கம்பியும் கடிபட்டிருந்தன. உள்ளே இருந்த சிக்னல் கம்பி அறுபடவில்லை, அதனால்தான் முன்பு பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை.

அந்தக் கவசக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாக் சென்சார் தருவது மில்லிவோல்ட் கணக்கில் மிகச் சின்ன சிக்னல். பக்கத்தில் இக்னிஷன் காயிலின் வயரும் ஆல்டர்னேட்டரின் வயரும் ஓடுகின்றன. அவற்றின் இரைச்சல் உள்ளே புகாமல் தடுப்பது அந்தப் பின்னல் கவசம். அது பொதுவாக ஈசிஎம் பக்கம் மட்டும் எர்த் ஆகியிருக்கும். அறுந்த இடத்தில் இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டால் சிக்னல் கம்பி வேலை செய்யும், கவசம் வேலை செய்யாது. வயரை ஒட்டுகிறவர்கள் சிக்னலையும் கவசத்தையும் தனித்தனியாகச் சாலிடர் வைத்து, ஒன்றோடொன்று படாமல் உறை போட வேண்டும். ஹாரன், ஃபாக் லைட், ஆம்ப்ளிஃபயர், சிஎன்ஜி கிட் என்று பின்னால் மாட்டிய எதன் வயரையும் இதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் பிரித்துத் தள்ளி ஓட்டுங்கள். எனக்குத் தெரிந்து வெறும் டேப்பைப் பிரித்ததிலேயே கோடு போன வண்டிகள் உண்டு.

கண்ணால் பார்த்தது போதவில்லை என்றால் மல்டி மீட்டர். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சென்சார் பக்கக் கப்ளரையும் ஈசிஎம் பக்கக் கப்ளரையும் பிடுங்குங்கள். ஒவ்வொரு கம்பியும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஏறக்குறைய பூஜ்ய ஓம். கம்பிக்கும் பாடிக்கும் நடுவில் தொடர்பே இருக்கக் கூடாது. இரண்டு கம்பி இருந்தால் அவற்றுக்கு நடுவிலும் கூடாது. அளக்கும்போதே ஒருவர் வயர்க் கட்டை (ஹார்னஸ்) அங்கங்கே பிடித்து மெல்ல ஆட்ட வேண்டும். ஆட்டும்போது மட்டும் அளவு துள்ளினால் பழுது அந்த இடத்தில்.

அப்புறம் சென்சார். நடுவில் ஓட்டையோடு தட்டையாக இருக்கும் இரண்டு பின் சென்சார்களில் பின்னுக்குப் பின் அளந்தால் பல வண்டிகளில் 1 மெகா ஓமுக்கு மேல், சாதாரண மீட்டரில் தொடர்பே இல்லாததுபோலக் காட்டும். அதைப் பார்த்து "உள்ளே அறுந்துபோச்சு" என்று தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நல்ல சென்சார். சில கம்பெனிகளின் சென்சாரில் உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கும், அதில் நூறு கிலோ ஓம் முதல் ஐந்நூறு அறுநூறு கிலோ ஓம் வரை அந்தந்த மாடலுக்கு ஏற்ப வரும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுதான் சரி, பக்கத்து வண்டியின் அளவு இல்லை. ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: பின்னுக்குப் பின் சில ஓம் மட்டுமே காட்டினால் உள்ளே ஷார்ட், சென்சார் போய்விட்டது.

தட்டிப் பார்க்கும் சோதனை இன்னும் நல்லது. சென்சாரை அதன் இடத்திலேயே விட்டு, மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு பின்னிலும் பிடியுங்கள். ஒற்றைக் கம்பி சென்சார் என்றால் பின்னுக்கும் பாடிக்கும். சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கின் மேல் சின்ன ஸ்பானரால் டக் டக் என்று தட்டுங்கள். தட்டும்போதெல்லாம் அளவு எழுந்து அடங்கினால் காது கேட்கிறது. சென்சாரின் மேலேயே தட்டாதீர்கள், பீசோ வில்லை விரிசல் விடும். மீட்டர் மெதுவாக ஓடுகிற ஒன்றாக இருந்தால் இந்தத் துடிப்பு சரியாகத் தெரியாது. ஆசிலோஸ்கோப் உள்ள பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

மழைக்குப் பிறகோ வாட்டர் வாஷுக்குப் பிறகோ மட்டும் லைட்

கப்ளர்தான். சந்தேகமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிவந்த வண்டிகளும், பிரஷர் தண்ணீரை இஞ்சின் மேல் நேராக அடித்துக் கழுவிய வண்டிகளும் இப்படி வரும். கப்ளரின் ரப்பர் சீல் கிழிந்தோ நழுவியோ இருக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றும் சேர்ந்து பின்னில் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, முழுக்கக் காயவிட்டு, பின் தளர்ந்திருந்தால் சீர்செய்து, புது சீல் போட்டு மாட்டுங்கள். உப்புத் தாளால் தேய்க்காதீர்கள், பின்னின் மேல்பூச்சு போனால் பச்சை இன்னும் சீக்கிரம் திரும்ப வரும்.

சத்தம் கேட்கிறது, லைட் இல்லை

இங்கே சென்சாரைத் தொடவே வேண்டாம். அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. டைமிங்கை எவ்வளவு பின்னுக்குத் தள்ளியும் அடங்காத நாக்கிங் இது. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். லைட் எரியும் வண்டி மெதுவாகவாவது ஓடும். நாக்கிங்கோடு ஓடும் வண்டி பிஸ்டனின் தலையையும் ரிங் வரிசையையும் தின்றுகொண்டே ஓடும்.

சத்தம் நாக்கிங்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கிலுகிலுப்பு. ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டி பாரம் இழுக்கும்போது வரும், காலை எடுத்தவுடன் நிற்கும். நின்ற இடத்தில் சும்மா ரேஸ் கொடுத்தால் பெரும்பாலும் வராது. வால்வுப் பக்கமிருந்து வரும் டேப்பட் சத்தம் பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆர்பிஎம்மோடு கூடவே வரும். பேரிங் சத்தம் கனமாக, ஆழத்திலிருந்து வரும், அதைக் கேட்டால் இஞ்சினை அங்கேயே நிறுத்துங்கள். சைலன்சரின் வெப்பத் தகடு தளர்ந்தாலும் இதே மாதிரி கிலுகிலுக்கும். கையுறை போட்டு ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும்.

நாக்கிங்தான் என்றால் சூட்டிலிருந்து தொடங்குங்கள். தை, மாசி சம்பா அறுவடையில் நம் சாலைகளே களம் ஆகிவிடும். காயப்போட்ட நெல்லின் மேலும் வைக்கோலின் மேலும் வண்டிகள் போகின்றன. பதரும் தூசியும் எழும்பி ரேடியேட்டரின் இலைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரல் தடிமனுக்குப் பதர் படிந்திருந்ததை எடுத்திருக்கிறேன். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும், நடுவில்தான் அடைப்பு. அப்படி ஒரு வண்டி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஏசியைப் போட்டபடி இருபது நிமிடம் நின்று, கேட் திறந்ததும் வேகமாக எடுத்தால் கிலுகிலுக்காமல் என்ன செய்யும்? இஞ்சின் ஆறியபின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கூலன்ட் அளவையும், ஃபேன் சரியான சூட்டில் ஓடுகிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பெட்ரோல். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அதனால் எத்தனால் கலந்த புதுப் பெட்ரோலால் நாக்கிங் அதிகமாகாது. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். வெளிநாட்டிலிருந்து வருபவருக்காக ஆறு மாதம் காத்து நின்ற வண்டியின் டேங்கில் பழைய பெட்ரோலும் ஈரமும் சேர்ந்து கிடந்தால் முதல் பயணத்திலேயே வண்டி திக்கும், அடிக்கும். அதை வடித்துவிட்டுப் புதுசு போட்டுப் பாருங்கள், செலவு குறைந்த சோதனை இது. அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி அதன் மேல் போட்டிருக்கும் நம்பரைச் சரிபாருங்கள். வேறு ஹீட் ரேஞ்ச் (சூட்டைக் கடத்தும் அளவு) உள்ள பிளக்கை யாராவது மாட்டியிருக்கலாம். பீங்கான் முனை வெளுத்து, சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்திருந்தால் உள்ளே சூடு அதிகம், கலவை மெலிந்திருக்கலாம். மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு, அடைத்த இன்ஜெக்டர், மூடியபடியே சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பி விடுவது) என்று அந்தத் திசையில் தேடுங்கள். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடிப் பழகிய வண்டிகளில் கார்பன் படிந்து அழுத்தம் ஏறியிருப்பதும் உண்டு.

ஓட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. மைலேஜ் கிடைக்கும் என்று முப்பதிலேயே டாப் கியருக்குப் போய் வண்டியை உருட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. கியரைக் குறைத்துப் பாருங்கள், பாதி வண்டிகளில் சத்தம் அங்கேயே அடங்கும்.

புது சென்சார் போட்டும் அதே கோடு, அல்லது பி 0326

சிக்னல் வருகிறது, ஆனால் அளவு சரியில்லை என்பது 0326. சென்சார் பிளாக்கோடு ஒட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். அதிர்வு இரும்பிலிருந்து இரும்புக்குப் போக வேண்டும். அடியில் துரு, பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு எது இருந்தாலும் காதில் பஞ்சு வைத்த மாதிரி. தட்டைச் சென்சாருக்கு வாஷர் எதுவும் போடக் கூடாது, ஸ்பிரிங் வாஷரும் கூடாது. போல்டின் இறுக்கமும் முக்கியம். 8 மில்லிமீட்டர் போல்டில் உட்காரும் தட்டைச் சென்சாருக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர், முன்னே பின்னே 5. தளர்ந்தால் சத்தம் குறைவாகப் போகும், அதிகம் இறுக்கினால் வில்லை நசுங்கும். திருகி ஏற்றும் ஒற்றைக் கம்பிச் சென்சாருக்கு அளவு வேறு, புத்தகத்தைப் பாருங்கள்.

பல வருடம் முன்பு நானே ஒரு வண்டிக்கு டார்க் ரெஞ்ச் எடுக்காமல் கைக் கணக்கில் இறுக்கி அனுப்பினேன். பதினைந்து நாளில் வண்டிக்காரர் அதே கோடோடு திரும்ப வந்தார். அவருக்குப் பெட்ரோல் செலவும் வேலை நாளும் போனது என்னால். அன்றிலிருந்து இந்த ஒரு போல்டுக்கு டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை வைப்பதில்லை.

பக்கத்தில் இருப்பவற்றையும் அசைத்துப் பாருங்கள். தளர்ந்த பிராக்கெட், ஒரு போல்ட் குறைந்த ஆல்டர்னேட்டர், செத்துப்போன இஞ்சின் மவுன்ட், சத்தமிடும் டேப்பட், இவை எல்லாமே சென்சாருக்கு நாக்கிங் போலக் கேட்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் லைட் வந்தால் நான் நேராக இங்கேதான் வருவேன்.

வேலை முடிந்ததும்

பழுதுக் கோடை அழித்து, லைட் எரியவில்லை என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். குளிர்ந்த இஞ்சினிலும் ஐடிலிங்கிலும் பல வண்டிகள் இந்தச் சோதனையை நடத்தவே நடத்தாது. இஞ்சின் முழுக்கச் சூடேறி, 2000 ஆர்பிஎம் தாண்டிப் பாரத்தோடு ஓடினால்தான் ஈசிஎம் சென்சாரைச் சோதிக்கும். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, இக்னிஷன் அட்வான்ஸையும் (பொறி எவ்வளவு முன்னால் விடுகிறது) நாக் ரிடார்டையும் (நாக்கிங்குக்காக எவ்வளவு பின்னுக்குத் தள்ளியிருக்கிறது) ஒன்றாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அதைப் பார்க்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஓட்டுங்கள். மேம்பால ஏற்றத்தில் ரிடார்ட் ஒன்றிரண்டு டிகிரி எழுந்து, இறக்கத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பினால் காதும் நலம், இஞ்சினும் நலம். ஏற்றம் முடிந்தும் ஒரே எண்ணில் அசையாமல் நின்றால் ஈசிஎம் இன்னும் பாதுகாப்பு டைமிங்கில்தான் ஓடுகிறது, வயரிங்குக்குத் திரும்பப் போங்கள்.

மேனிஃபோல்டைக் கழற்றியிருந்தால் கேஸ்கெட் புதுசாகப் போட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பழையதை மாட்டினால் காற்றுக் கசிந்து நிஜ நாக்கிங்கே வரும். மறுநாள் காலையில் ஒருமுறை ஸ்கேனரை மாட்டி, லைட் வராமலே காத்திருக்கும் பென்டிங் கோடு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வண்டியை அனுப்புங்கள்.